தோட்டத்துப் பிள்ளை மருத்துவம் படிக்க: குடும்பத்தால் தாங்கக்கூடிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவள். அப்பா குலை வெட்டும் தொழிலாளி. அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனவர். என் தம்பி இப்போது பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறான். அவனுக்காக விண்ணப்பங்களை நிரப்பியது, அலுவலகங்களில் வரிசை நின்றது, கல்லூரிகளைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தது எல்லாம் அக்காவாகிய நான்தான். எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லாததால் பணத்தையும் பல மாதங்களையும் இழந்தோம். அந்த இழப்பு உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காக, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது இடைநிலைப்பள்ளியின் கடைசி இரு ஆண்டுகளான நான்காம், ஐந்தாம் படிவத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உரியது.

1. கல்லூரியைப் பார்ப்பதற்கு முன் முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

மலேசியாவில் மருத்துவம் 5 ஆண்டுப் பட்டப்படிப்பு. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்தவுடன் நேராக அதில் சேர முடியாது, ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன், ஏ-லெவல் போன்ற முன்படிப்பு ஒன்றை முடித்தாக வேண்டும். அதனால் கணக்கு 5 ஆண்டுக்கு அன்று, 6 அல்லது 7 ஆண்டுக்குப் போடப்பட வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகங்களில் மருத்துவப் படிப்புக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 5 லட்சம் வெள்ளி வரை போகிறது. அதைத் தாண்டும் இடங்களும் உண்டு. குறைந்த பக்கமாக 3 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதாவது ஆண்டுக்கு 20,400 வெள்ளி. ஒரு தொழிலாளி உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் அந்தக் கட்டணத்துக்கு ஏறக்குறைய 15 ஆண்டுச் சம்பளம் வேண்டும். இதோடு அறை வாடகை, சாப்பாடு, பேருந்து ஆகியவற்றுக்கு மாதம் 900 வெள்ளி என்றால் 60 மாதங்களுக்கு 54,000 வெள்ளி. பொதுப் பல்கலைக்கழகத்தில் அரசாங்கமே பெரும்பகுதியை ஏற்பதால், மாணவர் கட்டுவது ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளிதான்.

இந்த இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் எழுதி, அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யாமல், "எப்படியாவது சமாளித்துவிடலாம்" என்ற நம்பிக்கையோடு ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனோம். அங்கே ஒரு தனியார் கல்லூரியின் முகப்பில் நின்றவர், அன்றே பதிந்தால் கட்டணக் கழிவு என்று சொல்ல, அப்பா கையிலிருந்த 1,000 வெள்ளியை முன்பதிவாகக் கட்டினார். அடுத்த மாதம் முழுக் கட்டண அட்டவணை கைக்கு வந்தபோதுதான் எங்களால் முதல் ஆண்டைக்கூடக் கட்ட முடியாது என்பது புரிந்தது. ரசீதின் பின்புறம் சிறிய எழுத்தில், கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று அச்சிட்டிருந்தார்கள். கண்காட்சிக்குப் போங்கள், தாள்களை வாங்குங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள்.

2. நான்காம் படிவத்தில் பாடங்களைச் சரிபாருங்கள்

மருத்துவத்துக்கான குறைந்தபட்சத் தகுதியை மலேசிய மருத்துவ மன்றம் வகுத்திருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், மேலும் ஒரு பாடம் என ஐந்திலும் குறைந்தது பி இருக்க வேண்டும். இது வாசற்படி மட்டுமே. பொதுப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டியிட இதைவிட வெகு உயரத்தில் நிற்க வேண்டும். உங்கள் இடைநிலைப்பள்ளியில் உயிரியலோ கூடுதல் கணிதமோ நடத்தப்படவில்லை என்றால், நான்காம் படிவத்தின் முதல் வாரங்களிலேயே மாற்றுப்பள்ளிக்கு மனுச் செய்யுங்கள். ஐந்தாம் படிவத்தில் உணர்ந்தால் பயனில்லை.

தமிழ்மொழியைக் கைவிட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிவியல் பிரிவு மாணவருக்கு மலாய், ஆங்கிலம், நன்னெறி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என 9 பாடங்கள் வருகின்றன. தமிழோடு 10, தமிழ் இலக்கியத்தோடு 11. இந்த எண்ணிக்கை மெட்ரிகுலேஷனுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 4-ஆம் படியில் விளக்குகிறேன்.

மலாய் மொழியில் கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) கட்டாயம் வேண்டும் என்று நினைத்துப் படியுங்கள். பட்டம் பெற்றபின் அரசாங்க மருத்துவமனையில் பணி கேட்கும்போதும் அந்தத் தாளைத்தான் பார்க்கிறார்கள்.

3. பத்திரங்களை ஒரு வருடம் முன்பே ஒழுங்குபடுத்துங்கள்

எங்களை அதிகமாக அலையவிட்டது இதுதான். அப்பாவின் அடையாள அட்டையில் அவர் பெயர் ஒரு விதமாகவும், தம்பியின் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. பழைய நாளில் தோட்டத்து மருத்துவமனையில் கேட்டு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்த ஓர் எழுத்துக்காக ஓர் அறக்கட்டளையின் உதவி விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்து மறுபடி அனுப்புவதற்குள் காலக்கெடு முடிந்துவிட்டது.

எனவே, ஒரு கெட்டியான கோப்பு வாங்கி, பின்வருவனவற்றை அசலும் நகலுமாக அடுக்குங்கள்: பிள்ளையின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், எஸ்.பி.எம். முடிவுத் தாள், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள், பெற்றோரின் கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, முதலாளி தரும் ஆண்டு வருமான அறிக்கையான இ.ஏ. பாரம், சேமநிதி அறிக்கை, அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுபவர் என்றால் அதன் ஒப்புதல் கடிதம். நகல்களில் பள்ளி முதல்வரின் உறுதிக் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். 10 தொகுதிகளுக்கு ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் முதல்வரைத் தேடி ஓடுவது பள்ளி விடுமுறையில் நடக்காத காரியம்.

தோட்டத்துச் சம்பளம் மாதத்துக்கு மாதம் மாறும். குலை அதிகமாக விழும் மாதத்தின் சீட்டைக் கொடுத்தால் வருமானம் கூடுதலாகத் தெரியும். மழைக்கால மாதத்தின் சீட்டைக் கொடுத்தால் சந்தேகப்படுவார்கள். இ.ஏ. பாரத்தின் ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்து, அதையே எல்லாப் பாரங்களிலும் ஒன்றுபோல எழுதுங்கள். தோட்ட ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) முன்கூட்டியே சொன்னால் வருமான உறுதிக் கடிதத்தை நிர்வாகியின் கையொப்பத்தோடு தயாரித்துத் தருவார். சம்பளம் போடும் வாரத்தில் போய்க் கேட்காதீர்கள்.

வீட்டில் யாருக்கேனும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு உரிய சிவப்பு அடையாள அட்டையோ, பிறப்புப் பத்திரமே இல்லாத நிலையோ இருந்தால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுத் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். பொதுப் பல்கலைக்கழக இடமும் அரசாங்கக் கடனும் குடியுரிமையைச் சார்ந்தவை. இது மாதங்களில் அல்ல, ஆண்டுகளில் முடியும் வேலை. பிள்ளை தமிழ்ப்பள்ளியில் இருக்கும்போதே தொடங்க வேண்டியது.

4. எஸ்.பி.எம். முடிந்ததும் எந்த வாசல் வழியாக நுழைவது

குடும்பத்தின் செலவைத் தீர்மானிப்பது மருத்துவக் கல்லூரியைவிட இந்த முடிவுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சு நடத்துவது. ஓராண்டு திட்டத்தில் 2 பருவங்கள். கட்டணம் மிகக் குறைவு, விடுதி உண்டு, மாதாந்தர உதவித்தொகையும் தருகிறார்கள். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கோப்பெங்கில் உள்ள பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி அருகில் இருந்தாலும், வேறு மாநிலத்தில் இடம் கிடைத்தாலும் போய்விடுங்கள். பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதோருக்கான இடங்கள் குறைவு என்பதால் போட்டி கடுமை. ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ மற்றும் அதற்கு மேல் பெற்ற மாணவர்களுக்கு இனவேறுபாடின்றி இடம் வழங்கப்படும் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. முன்பு சொன்ன பத்தாவது பாடம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்பதை, விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறைத் தாளிலேயே பாருங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மெட்ரிகுலேஷனில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கணக்கியல் பிரிவில் இடம் கிடைப்பது. மலிவான படிப்பு கிடைத்ததே என்று அதில் சேர்ந்தால் மருத்துவத்தின் கதவு மூடிக்கொள்ளும். அறிவியல் பிரிவுக்கு மேல்முறையீடு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் ஆறாம் படிவத்துக்குப் போங்கள். மற்றொன்று, அறிவியல் பிரிவுக்குள்ளேயே உயிரியல் இல்லாத பாடத்தொகுதியில் விழுவது. உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் கணிதமும் கொண்ட முதல் தொகுதியைத்தான் கேட்க வேண்டும். பதிவு நாளன்றே கேளுங்கள். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆனபின் மாற்றுவது கடினம்.

ஆறாம் படிவம் எங்கள் குடும்பத்துக்கு வழிவிட்ட வாசல். எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாக ஒன்றரை ஆண்டு நடக்கிறது. அரசாங்கப் பள்ளியில் படிப்பதால் செலவு என்பது பேருந்து, புத்தகம், தேவைப்பட்டால் டியூஷன் ஆகியவைதான். தம்பி லயத்திலிருந்தே போய் வந்தான். மருத்துவ மன்றத்தின் குறைந்தபட்சத் தகுதி உயிரியல், வேதியியல், மேலும் இயற்பியல் அல்லது கணிதம் ஆகியவற்றில் பி, பி, பி. பொதுப் பல்கலைக்கழகத்துக்கு அது போதாது, மொத்தச் சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ. உச்சமான 4.0-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 4.0 எடுத்தவர்களிலும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு. இந்த உண்மையைச் சொல்லி யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கமன்று. முதல் பருவத்தையே இறுதித் தேர்வாக நினைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பல பிள்ளைகள் எஸ்.பி.எம். களைப்பில் முதல் பருவத்தை விட்டுவிடுகிறார்கள். மறுதேர்வு எழுத வாய்ப்பு இருந்தாலும், அடுத்த பருவத்தின் பாடச்சுமையோடு சேர்த்து அதையும் சுமப்பது எளிதன்று.

தனியார் கல்லூரி ஃபவுண்டேஷன் ஓராண்டில் முடியும். பெரும்பாலும் 15,000 முதல் 30,000 வெள்ளி வரை செலவாகும். சி.ஜி.பி.ஏ. 3.0 இருந்தால் மருத்துவத்தின் குறைந்தபட்சத் தகுதி கிட்டிவிடும் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் ஒரு தனியார் கல்லூரியின் ஃபவுண்டேஷனை வைத்துக்கொண்டு பொதுப் பல்கலைக்கழக மருத்துவத்துக்கு வர முடியும் என்று எண்ணிச் சேராதீர்கள். அது அந்தக் கல்லூரிக்கும், அதை ஏற்கும் மற்ற தனியார் கல்லூரிகளுக்கும் உரிய வழி. அதில் காலெடுத்து வைக்கும்போதே, அடுத்த 5 ஆண்டுக்கும் தனியார் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்.

5. பொதுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முறை

கட்டணச் சலுகையுள்ள இடங்களுக்கான விண்ணப்பங்கள், பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையை நடத்தும் யு.பி.யு. இணையதளம் வழியாகவே போகின்றன. மாணவரைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. தோட்டத்துப் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் அந்தப் பத்தில்தான். மதியம் பள்ளிப் பேருந்து கிளம்பிவிட்டால் வீடு திரும்ப வழியில்லை என்பதால், சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு எல்லாவற்றிலும் பெயர் மட்டும் இருக்கும், வருகை இருக்காது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு காருக்குப் பெட்ரோல் பணம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் லயத்தில் அப்படித்தான் செய்தோம். மாவட்ட அளவிலான ஒரு சான்றிதழ், ஒரு பொறுப்புப் பதவி ஆகிய இரண்டும் இருந்தாலே நிலைமை மாறும்.

மெட்ரிகுலேஷனோ ஆறாம் படிவமோ எதுவானாலும் மூவெட் ஆங்கிலத் தேர்வு தேவை. முதல் வாய்ப்பிலேயே எழுதிவிட்டால், மதிப்பெண் குறைந்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும்.

விருப்பப் படிப்புகளின் பட்டியலை நிரப்பும்போது, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் மருத்துவப் புலம் எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்றால் எல்லாரும் பினாங்கு என்பார்கள். மருத்துவம் கிளந்தானில், குபாங் கிரியானில் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகம் பாங்கியில், அதன் மருத்துவமனை செராசில். அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் கோம்பாக்கில், மருத்துவப் படிப்பு குவாந்தானில். சரவாக், சபா பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால் ஒவ்வொரு விடுமுறைக்கும் விமானச் சீட்டு வேண்டும். முன்கூட்டியே வாங்கினால் அதுவும் தாங்கக்கூடியதே. தூரம் என்பதற்காக எந்தப் பொதுப் பல்கலைக்கழகத்தையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். தம்பி குபாங் கிரியானுக்குப் போகிறான். கெரிக், ஜெலி வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இரவுப் பேருந்து. தொடக்கத்தில் அம்மா அழுதார். இப்போது அவரே சம்பல், ஊறுகாய்ப் புட்டிகளைச் சுற்றிக் கட்டி அனுப்புகிறார்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் கட்டணம் ஒன்றன்று என்பதையும் கவனியுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சாத்து எனப்படும் திறந்தவழி நுழைவு ஒன்று உண்டு. அது யு.பி.யு. வழியிலிருந்து வேறானது, அதில் கட்டணச் சலுகை இல்லை. அந்த வழியில் மருத்துவ இடம் கிடைத்தால், கடிதத்தில் உள்ள முழுத் தொகையைப் படித்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வு உண்டு. மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்பார்கள். ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில் எடுபடாது. நாட்டில் அப்போது பேசப்படும் சுகாதாரப் பிரச்சினைகளை மூன்று மாதம் நாளிதழில் தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள். பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கில் பணியாற்றும் மருத்துவ உதவியாளரிடமோ தாதியிடமோ அரைமணி நேரம் பேசச் சொல்லுங்கள். தோட்டத்தில் நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவரை, டெங்கிக் காய்ச்சலில் படுத்தவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று அதற்குத் தைரியம் கொடுக்க வேண்டியது நாம்தான்.

6. தனியார் கல்லூரியே வழி என்றால் என்ன கேட்க வேண்டும்

பொதுப் பல்கலைக்கழகம் கிடைக்காமல், உதவித்தொகையோ உறுதியான கடனோ கையில் இருந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். கெடா பீடோங்கில் எய்ம்ஸ்ட், ஈப்போவில் குவெஸ்ட் பல்கலைக்கழகம், யுனிகேஎல் பெராக் அரச மருத்துவக் கல்லூரி, மலாக்காவில் மணிப்பால் எனப் பல இடங்கள் உள்ளன. யு.டி.ஏ.ஆர். பல்கலைக்கழகம் கம்பாரில் இருப்பதால் பக்கம் என்று நினைக்கும் பேராக்காரர்கள் பலர். அதன் மருத்துவப் படிப்பு சிலாங்கூரின் சுங்கை லோங்கில் நடக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் கல்லூரி இருந்தால், ஐந்தாண்டு வாடகையில் ஒரு பெரும்பகுதி மிச்சமாகும். ஆனால் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் மூன்றாம் ஆண்டு முதல் எந்த ஊர் மருத்துவமனை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அதிகாலையில் வார்டுக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு முதல் பேருந்து போதாது.

கேள்விகளை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐந்தாண்டுக்கும் கட்டணம் நிலையானதா, ஆண்டுதோறும் உயருமா? தேர்வுக் கட்டணம், ஆய்வகம், மருத்துவமனைப் பயிற்சி, காப்புறுதி, பட்டமளிப்பு ஆகியவை சேர்ந்த தொகையா? ஒரு பருவத்தில் தோற்றால் மறுபடி படிக்க எவ்வளவு? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும்? உபகாரச் சம்பளம் (கல்வி உதவித்தொகை) தருவதாகச் சொன்னால், எந்த சி.ஜி.பி.ஏ.-வுக்குக் கீழே போனால் அது நிறுத்தப்படும்? நான் விசாரித்த ஓர் இடத்தில் முதல் ஆண்டுக் கழிவைப் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முதல் கழிவு கிடையாது என்பதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

7. அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

உள்நாட்டுக் கல்லூரி என்றால், எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் அந்த மருத்துவப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது போதாது. அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். தற்காலிக அனுமதியா, முழு அங்கீகாரமா என்பதையும் பாருங்கள். பிறகு மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்கள் உள்ளன. அதில் இல்லாத வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பினால், தகுதித் தேர்வு ஒன்றை எழுதித் தேர்ச்சி பெற்றால்தான் இங்கே பதிவு செய்ய முடியும்.

இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, எகிப்து என்று மலிவான கட்டணம் சொல்லி முகவர்கள் தோட்டத்து ரெட்டை லயம் வரை வருகிறார்கள். சில இடங்கள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் முகவர் காட்டும் பட்டியலை ஏற்காமல், மன்றத்தின் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரையும் ஊரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் இருக்கும். ஒன்றுக்கு அங்கீகாரம், மற்றொன்றுக்கு இல்லை என்பது நடப்பதுதான். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர வெளிநாட்டு மாணவரும் நீட் தேர்வு எழுத வேண்டும். கிளம்புவதற்கு முன் நமது உயர்கல்வி அமைச்சின் தடையில்லாச் சான்று பற்றியும் விசாரித்து முடித்துவிடுங்கள். அதோடு நாணய மாற்று விகிதம் ஆறு ஆண்டுக்கு ஒரே நிலையில் நிற்காது என்பதைக் கணக்கில் சேருங்கள்.

8. பணம் எங்கிருந்து வரும்

அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடனுதவிக்கு முதலில் பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும். வாய்ப்புக் கடிதம் வந்த பிறகு ஓடாமல் முன்பே திறந்துவிடுங்கள். கடன்தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். பொதுப் பல்கலைக்கழக மாணவருக்கு இது பெரும்பாலும் போதுமானது. தனியார் மருத்துவக் கட்டணத்தை இது முழுமையாக ஈடுசெய்யாது. மிச்சத்துக்கு வேறு வழி இல்லாமல் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் நின்றுபோன பிள்ளைகளை நான் அறிவேன்.

பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளங்கள், மாஜு கல்வி மேம்பாட்டுக் கழகமான எம்.ஐ.இ.டி.-யின் கல்விக் கடன், இந்தியர் சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா வழங்கும் உதவிகள், மாநில அரசாங்க அறவாரியங்கள், குவோக் அறவாரியம், சைம் டார்பி அறவாரியம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றின் காலக்கெடுவும் வேறு, சில, எஸ்.பி.எம். முடிவு வந்த இரண்டு மூன்று வாரங்களிலேயே மூடிவிடுகின்றன. அப்பா அம்மா வேலை செய்யும் தோட்ட நிறுவனத்துக்குத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவி இருக்கிறதா என்று நிர்வாகியிடம் நேரில் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை. தொழிற்சங்கத்திலும் கேளுங்கள்.

ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதச் சீரமைப்புக்குப் பின் அது சேமநிதியின் மூன்று கணக்குகளில் ஒன்றான செஜாத்தெரா கணக்கிலிருந்து வருகிறது. இதில் மட்டும் மிகுந்த நிதானம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத் தொழிலாளி ஓய்வு பெறும் நாளில் லயத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியவர். அந்தச் சேமநிதிதான் அவருக்கு வீட்டுக்கு முன்பணம். நாங்கள் அப்பாவின் கணக்கிலிருந்து முதல் ஆண்டுப் பதிவுக்கும் மடிக்கணினிக்கும் தேவையான தொகையை மட்டும் எடுத்தோம்.

கடன் வாங்கும் முன் திருப்பிக் கட்டும் தொகையையும் எழுதுங்கள். 1 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியை 15 ஆண்டில் கட்டினால், வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 833 வெள்ளி. பட்டம் வாங்கிய மறுமாதமே சம்பளமும் வந்துவிடாது. பயிற்சி மருத்துவர் பணிக்கு இடம் கிடைக்கச் சில மாதம் காத்திருக்க வேண்டும். 2016 முடிவிலிருந்து அந்தப் பணி ஒப்பந்த அடிப்படையில் வழங்கப்படுகிறது. அந்த இடைவெளியில் வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்பதும் இந்தக் கணக்கின் பகுதிதான்.

9. காலவரிசையும், கிடைக்காதபோது செய்ய வேண்டியதும்

ஒவ்வோர் ஆண்டும் தேதிகள் நகர்கின்றன, வரிசை மாறுவதில்லை. ஐந்தாம் படிவத்தின் தொடக்கத்தில் பத்திரங்கள். எஸ்.பி.எம். எழுதி முடித்ததும், முடிவுக்குக் காத்திராமல் மெட்ரிகுலேஷன் விண்ணப்பமும், பொதுப் பல்கலைக்கழக ஃபவுண்டேஷனுக்கு யு.பி.யு. விண்ணப்பமும். முடிவு வந்ததும் உதவித்தொகைகள். மெட்ரிகுலேஷன் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், மேல்முறையீட்டை அனுப்பிவிட்டு, அதன் பதிலுக்காக வீட்டில் உட்காராமல் ஆறாம் படிவத்தில் சேர்ந்துவிடுங்கள். பின்னர் இடம் வந்தால் மாறிக்கொள்ளலாம். வராவிட்டால் ஒரு மாதப் பாடத்தை இழந்திருக்க மாட்டீர்கள்.

பொதுப் பல்கலைக்கழக மருத்துவம் கிடைக்காமல் வேறு படிப்பு வந்தாலும் யு.பி.யு.-வில் மேல்முறையீடு உண்டு. அதற்கான அவகாசம் சில நாட்கள்தான். முடிவு வெளியாகும் நாளில் கணினியும் கோப்பும் கையிலிருக்கட்டும்; தோட்டத்தில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் என்றால் அன்று பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக் கடிதத்தில் துன்பக் கதையை நீட்டாமல், மதிப்பெண், புறப்பாடம், வருமானம் ஆகிய மூன்றையும் ஆதாரத்தோடு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதே நாளில், தாதிமை, மருத்துவ உதவியாளர் போன்ற படிப்புகளுக்குச் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் ஆள் எடுக்கின்றனவா என்றும் பாருங்கள். அங்கே பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை கிடைக்கிறது.

இடம் கிடைத்துவிட்டால், பதிவு நாளுக்கு முன் உடற்பரிசோதனைப் பாரத்தை நிரப்ப அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டியிருக்கும். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவு வர நாளாகும் என்பதால், வாய்ப்புக் கடிதம் வந்த மறுநாளே காலை 7 மணிக்கு எண் எடுத்துவிடுங்கள். பிள்ளையின் குழந்தைப் பருவத் தடுப்பூசிப் புத்தகத்தையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். ஹெப்பாட்டைட்டிஸ் பி தடுப்பூசி போட்டதற்குச் சான்று கேட்பார்கள். அது இல்லையென்றால் மூன்று ஊசிகளையும் மறுபடி போட்டு முடிக்க 6 மாதம் ஆகும். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் அம்மாவின் தகரப் பெட்டியில், தாலிக்கொடி ரசீதுக்கு அடியில் இருந்தது.